அடுத்தவர் வீட்டுத் தூண்

செய்தி வந்தபோது காலை ஆறே கால் மணி. திருத்தணி மலையடிவாரத் தெருவில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் பிரபாவதி, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கோலமாவு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் செல்போன் கடை டில்லிபாபு, தன் கடைப் பூட்டைக்கூடத் தொடாமல் நேரே அவளிடம் வந்து நின்றான்.

"அக்கா, நம்ம தூண் சார் தவறிட்டாராம்."

"யாரு, சடகோபன் சாரா? நேத்து சாயந்திரம்கூட இங்க நின்னு சுரண்டிகினு இருந்தாரேடா!"

"ராத்திரி தூக்கத்துலயே போயிருக்காரு. இப்பத்தான் குரூப்புல போட்டாங்க."

பிரபாவதி அன்று கோலம் போடவில்லை. கடை வாசலின் நட்டநடுவே நிற்கும் மரத்தூணைப் பார்த்தாள். "ஒரு ஊதுபத்தி கொளுத்த வுட மாட்டாரு. தூணுக்குப் பொகை ஆவாதாம்," என்று யாரையோ கோபித்துக்கொள்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சடகோபனைத் தெரியாதே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். உங்களுக்கு அவரைத் தெரியும். பெயர்தான் வேறாக இருக்கும். ஊருக்கு ஒருவராவது தவறாமல் இருக்கிற, பெரிய ஊர்களில் சங்கமாகவே திரிகிற அந்த இனத்துக்கு 'அடுத்தவர் வீட்டுப் பாரம்பரியக் காவலர்' என்று பெயர் வைக்கலாம். இதில் உயிரான சொல் 'அடுத்தவர் வீட்டு' என்பதுதான். தன் வீட்டுப் பழமையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவனுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் வேறு: வசதி இல்லாதவன்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் சரக்கைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் விட்டத்தைப் பார்ப்பார். மனைவி ஜவுளிக்கடையில் ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு "இந்தக் கலர் எனக்கு எடுக்குதா?" என்று கேட்கும்போது, கண்ணை மேலேயே வைத்துக்கொண்டு "கரையான் அரிக்காம இருக்கணும்" என்று பதில் சொல்வார். சுவரைக் கண்டால் விரலை மடக்கித் தட்டி, தர்ப்பூசணி வாங்குகிறவரைப் போலக் காதை வைத்துக் கேட்பார். கதவைக் கண்டால் தடவுவார். நிலைவாசலைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிடுவார். எந்த மரமானாலும் அது பர்மா தேக்கு. இந்த இனத்தார் இதுவரை சொன்னதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் பர்மாவில் நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் மிஞ்சியிருக்க நியாயமில்லை. எந்தச் சுவரானாலும் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு.

"அப்ப செவுத்த நக்கினா இனிக்குமா சார்?" என்று டில்லிபாபு ஒருமுறை கேட்டான்.

"உன்ன மாதிரி ஆளுங்க நக்கி நக்கித்தான்டா இந்தத் தெருவுல ஒரு செவுரு மிச்சம் இல்லாம போச்சு," என்றார் சடகோபன். அவருக்கும் வாய் உண்டு.

தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் எந்தக் கட்டடத்தையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை; மேசையும் கோப்பும் விடவில்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் கழுத்து மேலே திரும்பியது, பிறகு கீழே இறங்கவே இல்லை. 'திருத்தணி பழமை காப்போம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சென்னையில் அடுக்குமாடிகளில் இருந்துகொண்டு, திருத்தணியில் ஒரு ஓடு உடைந்தாலும் அழுகிற முகம் ஒன்றை அனுப்பிவைக்கும் நல்லவர்கள்.

சரி, அவருடைய சொந்த வீடு? அதைத்தானே கேட்கிறீர்கள்? அரக்கோணம் சாலையில் இருக்கிறது. முகப்பு முழுக்க கிரானைட். உள்ளே முகம் தெரிகிற டைல்ஸ். கூடத்துக் கூரையில் நிறம் மாறி மாறி எரியும் விளக்குகள். எல்லாம் அவர் மனைவி சுஜாதாவின் ஆட்சி. "பழசுன்னா எனக்கு அலர்ஜி, தூசியில தும்மல் வரும்," என்பார் அந்த அம்மாள். சடகோபன் எங்கிருந்தாவது ஒரு பித்தளைச் செம்பைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தால், மறுநாள் அது பழைய பாத்திரக்காரனிடம் போய் பிளாஸ்டிக் டப்பாவாகத் திரும்பி வரும். பிரியத்தை வைக்க வீட்டில் ஒரு ஜாண் இடம் இல்லாத மனிதர் என்ன செய்வார்? தெருவில் இறங்குவார். சடகோபன் இறங்கிய தெருவில் பிரபாவதியின் கடை இருந்தது.

அதைக் கடை என்பதா, வீடு என்பதா என்று அந்தக் கட்டடத்துக்கே தெரியாது. ஒன்றோடொன்று தோள் ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய மாடி வீடுகளில் ஒன்று. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், டில்லிபாபு தன் பக்கம் ஆணி அடித்தால் பிரபாவதியின் முருகன் படம் ஆடும். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மேல்தளம். சாமான் அடுக்க முற்றத்துக்குத் தகரம் போட்டாகிவிட்டது. விளக்கு வைக்கும் மாடக்குழியில் இப்போது பணம் அனுப்பும் ஸ்கேன் அட்டை நிற்கிறது. சமையலறையில் மயிலிறகுக் கட்டுகள், படுக்கையறையில் காவடிகள், மாடிப்படிக்குக் கீழே மொட்டை போட்டவர்களுக்கான சந்தன டப்பாக்கள். முன்னால், தெருவைப் பார்த்து, தலையில் பூ விரிந்ததுபோல் போதிகை வைத்த அந்த ஒற்றை மரத்தூண். கீழிருந்து மேல்வரை நீல எனாமல் பெயிண்ட். பிரபாவதியின் அப்பா, அவள் வாயில் நைனா, அங்கே மாவு மில் நடத்திய காலத்தில், மாவு ஒட்டினால் துடைக்க வசதியாக அடித்தது. வருஷா வருஷம் அடித்தார். பெயிண்டின் மேல் பெயிண்ட், அதன் மேல் பெயிண்ட்.

மாவு மில் என்றதும் ஓட்டை நினைவுக்கு வருகிறது. முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் உள்ள சுவரில், இடுப்பு உயரத்தில், ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. குழு உறுப்பினர்கள் யாராவது மலைக்கு வந்தால், சடகோபன் சாமி தரிசனத்துக்கு முன்பே அவர்களை இந்த ஓட்டை தரிசனத்துக்கு அழைத்து வந்துவிடுவார்.

"இது என்ன தெரியுமா? காத்து வழி! மலையிலேருந்து எறங்கற காத்து இதுல பூந்து முத்தத்து வழியா வெளிய போகும். ஏன் மேல வெக்காம கீழ வெச்சான்? குளிர்ந்த காத்து கீழதானே நிக்கும்! ஏசி வர்றதுக்கு எத்தனையோ காலத்துக்கு முன்னாடி நம்ம முன்னோர் போட்ட கணக்கு. இப்ப இந்த மாதிரி ஒண்ணு கட்ட முடியுமா?"

வந்தவர்கள் ஓட்டைக்குள் கையை நீட்டி, "ஆமா, ஜில்லுன்னு இருக்குது," என்பார்கள்.

பின்கட்டு மோட்டாரிலிருந்து முன்கட்டு மெஷினுக்கு பெல்ட் போவதற்காக பிரபாவதியின் நைனா ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையால் இடித்த ஓட்டை அது. இடிக்கும்போது பக்கத்தில் நின்று அவர் தலையில் விழுந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டவளே பிரபாவதிதான். முதல் தடவை கேட்டபோது, சிரிப்பை அடக்க முடியாமல் பின்கட்டுக்கு ஓடினாள். இரண்டாம் தடவை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால் பேச்சு முடிந்ததும் வந்தவர்கள் ஆளுக்கொரு சந்தன டப்பாவும் விபூதிப் பாக்கெட்டும் வாங்கிப் போனதைப் பார்த்து மூடிக்கொண்டாள். முன்னோர் பிழைக்கட்டும், வியாபாரமும் பிழைக்கட்டும்.

ஆனால் தூண் விஷயத்தில் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் எதிர்ச்சாரியில் ஒரு புதுக் கடை வந்தது. அகலமான ஷட்டர், உள்ளே லாரி திரும்பலாம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் கற்பூரமும் பூவும் வாங்க நிற்கும்போது, பிரபாவதியின் கடையில் தூணுக்கு இந்தப் பக்கமும் காவடி நுழையாது, அந்தப் பக்கமும் நுழையாது. பக்கவாட்டில் ஒருவர் நுழையப் பார்த்து, காவடியின் மயிலிறகு எல்லாம் போதிகையில் மாட்டிக்கொண்டு, "அரோகரா"வுக்கு நடுவே வேறு சில வார்த்தைகளையும் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். ஆடியில் ஓடுகிற வியாபாரத்தில்தான் அவள் குடும்பம் தை மாதம் வரை மூச்சு விடும். அந்த மூச்சு தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"தூண எடுத்துட்டு இரும்பு கர்டர் குடுத்து ஒரே ஷட்டரா போட்டுட போறேன் சார். ராஜேஷுகிட்ட சொல்லியாச்சு," என்றாள் போன ஆடியில். ராஜேஷ் அரக்கோணத்து ஷட்டர்காரன்.

சடகோபன் தூணைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே பிடித்துக்கொண்டார், இரண்டு கையாலும்.

"எது வேணா பண்ணும்மா. தயவுசெய்து இத மட்டும் தொட்டுடாத. இது வெறும் தூண் இல்ல."

"வெறும் தூண் இல்லன்னா? மாசா மாசம் வாடகையா குடுக்குது? காவடி உள்ள வர மாட்டேங்குது சார்!"

"பர்மா தேக்கும்மா இது."

"பர்மாவுக்கே அனுப்பிடறேன். வழி வுடுங்க."

குழுவில் ஒரு கண்டன அறிக்கை வந்தது. அழுகிற முகங்கள் வரிசையாக வந்தன. யாரும் சென்னையிலிருந்து நகரவில்லை. இந்த இனத்தின் படையெடுப்பெல்லாம் இந்த அளவோடு நிற்பதுதான் வழக்கம். ஆனால் சடகோபன் ஒரு காரியம் செய்தார். ஷட்டர்காரன் வருவதாக இருந்த நாள் விடியலில், பிரபாவதி கடை திறப்பதற்கு முன்பே வந்து, தூணுக்கு மூன்று கோடு விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மஞ்சள் துணி கட்டி, ஒரு முழம் சாமந்தி சுற்றிவிட்டுப் போய்விட்டார்.

ராஜேஷ் டிரில் மெஷினோடு வந்து பார்த்தான். மெஷினைக் கீழே வைத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அக்கா, எனக்கு இப்பத்தான் கல்யாணம் நிச்சயம் ஆயிகீது. சாமி மேல ட்ரில்லு போட்டேன்னு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"சாமி இல்லடா அது, சடகோபன்!"

"யாரா இருந்தா இன்னாக்கா. கிருத்திகை முடியட்டும்."

திருத்தணி தெருவில் விபூதி பூசிய ஒரு பொருள் எவ்வளவு நேரம் சும்மா நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? மலையிலிருந்து இறங்கி வந்த பொதட்டூர்பேட்டைக் குடும்பம் ஒன்று போகிற போக்கில் கும்பிட்டது. அவர்கள் கும்பிடுவதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் கும்பிட்டார்கள். அதற்குப் பின்னால் வந்தவர்கள் வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று விசாரித்தார்கள். மத்தியானத்துக்குள் தூணைச் சுற்றி வலம் வர ஆரம்பித்தாயிற்று. பாதி சுற்று தெருவில், பாதி சுற்று கடைக்குள். உள்ளே நுழைந்து வெளியே வருகிறவர்கள் கையோடு ஒரு கற்பூரம், ஒரு தேங்காய் வாங்கினார்கள். எதிர்க்கடைக்காரர் வாசலில் வந்து நின்று பார்த்தார். அவர் கடையில் தூண் இல்லை.

சாயங்காலம் சடகோபன், தன் தந்திரம் பலித்ததா என்று பார்க்க வந்தார். பலித்திருந்தது. தூணின் காலடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. போதிகையில் யாரோ எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள், அடியில் ஒரு கை நிறையக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ! அணைங்கம்மா! அது மரம்!"

"மரமானா இன்னா, மரத்துல சாமி இல்லியா?"

"சாமியெல்லாம் இல்லம்மா! இது வெறும் தூணு! வெறும் தூணும்மா!"

கல்லாவிலிருந்து பிரபாவதி எட்டிப் பார்த்தாள். "எத்தனை வருசமா இத உங்க வாயால கேக்கணும்னு இருந்தேன் சார். இன்னொரு தடவ சொல்லுங்க."

அதற்குள் கற்பூரத்தின் சூடு மேலேற, நீலப் பெயிண்ட் கொப்பளித்து, அப்பளம்போல் உப்பி, உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து விழுந்தது. உள்ளே கருஞ்சிவப்பு மரம். மரத்தில் ஒரு கொண்டை. கொண்டைக்குக் கீழே ஒரு கண், ஓர் அலகு.

மயில்.

"அரோகரா!" என்று கத்தினார் அந்த அம்மாள். தெருவே கத்தியது.

"நூறு வருசத்துக்கு முந்தின தச்சன் வேலைம்மா இது!" என்று சடகோபன் கூவினார், கண்ணில் தண்ணீர்.

"ஆங், தச்சன்தான் செஞ்சான். அத இன்னிக்கி காட்டினது யாரு?" என்றார் பள்ளிப்பட்டு அம்மாள். நியாயமான கேள்வி.

கிருத்திகை முடியும்வரை அவர் கையில் ஈரச்சாக்கோடு தூணருகே நின்று, கற்பூரத்தைத் தள்ளி ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். பலர் அவரைப் பூசாரி என்று நினைத்து விபூதி கேட்டார்கள். கொடுக்கவும் செய்தார். பிரபாவதிக்கு அந்த ஆடி, நைனா காலத்திலும் பார்க்காத ஆடியாக இருந்தது.

கூட்டம் வடிந்ததும் அவர் தூணைக் கழுவிவிட்டு, அவள் எதிரில் வந்து நின்றார். ஹெட் கிளார்க்காக எத்தனையோ பேரைக் காக்க வைத்த மனிதர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடுத்த ஆடி வரைக்கும் டைம் குடும்மா. பெயிண்ட முழுக்க சுரண்டி எடுத்துடறேன். முழு மயிலும் வெளிய வந்தப்புறம் பாரு. அப்பவும் எடுக்கணும்னு தோணுச்சுன்னா எடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீங்க வாயத் தொறக்காம இருக்கறத பாக்கறதுக்காகவே டைம் தரேன் சார்."

அன்றிலிருந்து நாள் தவறாமல் வந்தார். ஒரு மொண்ணைக் கத்தி, ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், உட்கார ஒரு முக்காலி. ஒரு வார வேலையில் ஒரு விரல் அகலம்தான் நகரும். நடுநடுவே வருகிறவர்களுக்கு ஓட்டையைக் காட்டிவிட்டு வருவார். டில்லிபாபு தன் கடை வாசலிலிருந்து கிண்டல் பண்ணுவான்: "சார், இந்த வேகத்துல போனா கத்தியே பழமை ஆயிடும், அத காப்பாத்த ஒரு குரூப் ஆரம்பிக்கணும்." தெருப்பக்கம் மயிலின் தலை வந்தது, கழுத்து வந்தது, காலடியில் சுருண்ட பாம்பு வந்தது. தூணின் வளைவில் திரும்பி, கல்லாப்பெட்டிப் பக்கமாகத் தோகை போக ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்திருந்தார். பங்குனி வந்தது. ஒரு நாள் காலை ஆறே காலுக்கு டில்லிபாபு வந்தான்.

சாவு வீட்டுக்குப் பிரபாவதியும் அவனும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். நிறம் மாறும் விளக்குகளை யாரோ அணைக்க மறந்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சடகோபன் ஒரு நேரம் பச்சையாகவும் ஒரு நேரம் ஊதாவாகவும் இருந்தார். விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர் கொட்டி டைல்ஸ் வழுக்கியதால் எங்கும் சாக்கு விரித்திருந்தார்கள்.

"இந்த வீட்டுல ஒரு பழைய நாற்காலிகூட வெக்க வுடல நான்," என்றார் சுஜாதா, பிரபாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு. "உன் கடைக்குப் போய்ட்டு வந்தா மட்டும் சட்டையெல்லாம் நீலத் தூளா இருக்கும். தொவைக்கும்போது திட்டிகினே தொவைப்பேன்."

சென்னையிலிருந்து குழுவில் ஒருவர் உண்மையிலேயே வந்திருந்தார். பக்தவச்சலம் என்று பெயர். ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் பிரபாவதியை அடையாளம் கண்டு, சுற்றி இருந்தவர்களிடம், "இவங்க வீட்டுலதான் அந்தக் காத்து வழி இருக்குது. சடகோபன் எங்களுக்கெல்லாம் காட்டினார். நெசமாவே அது அவ்வளவு பழசாம்மா?" என்று கேட்டார்.

டில்லிபாபு பிரபாவதியைப் பார்த்தான். மாவு மில் காலத்தில் அங்கே அரிசி அரைத்துக்கொண்டு போனவன் அவன்.

பிரபாவதி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். கடப்பாரையோடு நின்ற நைனாவுக்கு மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "முன்னோருங்க வெச்சது."

திரும்பி வரும் வழியில் தெருமுனை வந்ததும் டில்லிபாபு கேட்டான்.

"அக்கா, கோச்சிக்காத. ஆடி வருது. இனிமே கேக்க ஆளில்ல. ராஜேஷுக்கு போன் போடட்டா?"

"போட்டுத்தான் பாரேன்."

"காவடி உள்ள வராதுன்னு நீதானே..."

"வெளிய ஒரு மேசை போட்டு குடுத்துட்டு போறேன். காவடிக்காரன் எதுக்கு உள்ள வரணும்? பாதி வேலையில நிக்கறத எவனாவது அறுப்பானா? நீ மொதல்ல உன் பக்கம் ஆணி அடிக்கறத நிறுத்து. அது பொதுச் செவுரு. கடுக்காய், வெல்லம் எல்லாம் போட்டு கட்டினது."

டில்லிபாபு வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

இது ஒட்டிக்கொள்ளும் நோய். தெரிந்துதான் உங்களிடம் சொல்கிறேன். அடுத்த முறை ஏதாவது பழைய கடையில் சோப்போ சீப்போ வாங்க நிற்கும்போது, கடைக்காரர் சில்லறை கொடுத்தது தெரியாமல் உங்கள் கண் மேலே போயிருந்தால், விரல் தானாக மடங்கிச் சுவரைத் தேடினால், "இத மட்டும் தொட்டுடாதீங்க" என்று நாக்கு நுனிக்கு வந்தால், அவசரப்பட்டுப் பதற வேண்டாம். கழுத்துக்கு ஒன்றும் ஆகாது, பழகிவிடும். உங்கள் சொந்த வீட்டில் மட்டும் இதைப்பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

பிரபாவதியின் கடையில் தூணின் தெருப்பக்கம் மயிலின் தலையும் கழுத்தும் வெளியே வந்துவிட்டன. கல்லாப்பெட்டிப் பக்கம், தோகை இன்னும் நீல எனாமலுக்குள்தான் இருக்கிறது.